மோட்டார்ஹோம் டீசல் ஹீட்டர்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

ஃபியட் டுகாட்டோ வேன்மீது கட்டப்பட்ட என் மோட்டார்ஹோமில், டீசலை எரித்து வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கும் மலிவு விலை ஹீட்டர் ஒன்றை நானே பொருத்தி மூன்று குளிர்காலங்கள் கடந்துவிட்டன. பிரிட்டனில் குளிர்காலத்திலும் வண்டியில் தங்க நினைப்பவர்கள் பலர், வெபாஸ்டோ, எபர்ஷ்பேஷர் போன்ற ஜெர்மானிய ஹீட்டர்களின் விலைக்கு அஞ்சி, அவற்றின் அமைப்பைப் பின்பற்றிச் சீனாவில் செய்யப்படும் இவ்வகை ஹீட்டர்களை வாங்குகிறார்கள். என்னுடையது எரிய மறுத்த ஒவ்வொரு முறையும், ஹீட்டர்தான் கெட்டுவிட்டது என்று முதலில் முடிவு கட்டினேன். இரண்டு முறை அதைக் கழற்றி மேசையில் வைத்துப் பிரித்தும் பார்த்தேன். இரண்டு முறையும் உள்ளே ஒரு குறையும் இல்லை. ஒரு முறை பேட்டரி ஒயரிலும், மறுமுறை டீசல் குழாயின் ஓர் இணைப்பிலும் கோளாறு இருந்தது. ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் மின்னழுத்தம், டீசல், காற்று என்ற வரிசையில் வெளியே உள்ளவற்றைச் சோதித்து முடித்த பிறகே ஹீட்டரின் உடலில் கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறியைப் படிக்க, ஹீட்டர் எப்படிப் பற்றுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் விசிறி மெதுவாகச் சுழலும். டீசலைப் பற்றவைக்கும் மின்சூட்டுப் பிளக்கான க்ளோ பிளக் பழுக்கக் காய்வதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதன் பிறகுதான் டீசல் பம்ப் 'டிக், டிக்' என்று தட்டத் தொடங்கும். பம்ப் தரும் துளி, எரிகலத்தில் உள்ள ஒரு சிறு கம்பிவலையில் ஊறி, ஆவியாகிப் பற்றும். ஹீட்டரின் உடல் சூடாவதை உணரி கண்டுகொண்டதும் விசிறியும் பம்பும் வேகமெடுக்கும். சில நிமிடங்களில் பிளக் அணைந்துவிடும். சூடு ஏறவில்லை என்றால் ஹீட்டர் இன்னொரு முறை முயன்றுவிட்டு, திரையில் ஒரு பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். இதே வரிசையை ஹீட்டர் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு முறை காதால் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பிழை நேரும் நாளில் எந்தப் படியில் அது தடுக்கியது என்பதை மல்டிமீட்டர் இல்லாமலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

பிழை எண்கள் கட்டுப்பாட்டுத் திரைக்குத் திரை மாறக்கூடும். நான் இங்கே பரவலாகக் காணப்படும் எண்களையே குறிப்பிடுகிறேன். உங்கள் பெட்டியோடு வந்த தாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்டிக்குள் புகை வாடை, தலைவலி, அல்லது அலாரம் ஒலித்தல்

இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும் சோதனை எதுவும் முதலில் இல்லை. ஹீட்டரை அணைத்து, கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியே வர வேண்டும். புகையில் கலந்திருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகை வாடை வராததால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பொழுதுபோக்கு வண்டிகளுக்கும் படகுகளுக்கும் உரிய இஎன் 50291-2 தரக்குறி கொண்ட அலாரம் படுக்கை அருகே இல்லாமல், இந்த ஹீட்டரை ஓர் இரவும் எரிய விடாதீர்கள்.

வெளியே வந்த பிறகு தேட வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, ஹீட்டரின் அடித்தகட்டுக்கும் வண்டியின் தரைக்கும் இடையில் உள்ள கேஸ்கெட். டீசல் எரியத் தேவையான காற்றை இழுக்கும் எரிகாற்றுக் குழாய், புகைக்குழாய், டீசல் குழாய் ஆகிய மூன்றும் இந்தத் தகட்டின் வழியாகத் தரைக்கு அடியில் இறங்குகின்றன. தகடு முழுமையாகப் படியாவிட்டால், கீழே கசியும் புகை அந்த இடுக்கு வழியே மேலே வரும். இரண்டாவது, புகைக்குழாயின் இணைப்புகளும் அதோடு தரப்படும் சைலன்சரும். மலிவான சைலன்சர்கள் பல, வெறும் தகட்டை மடித்துச் செய்தவை; மடிப்பு ஓரங்களில் புகை கசியும். நீர் வடிவதற்கென்று அவற்றில் ஒரு சிறு துளையும் இருக்கும். அதனால்தான் சைலன்சரைத் தரைக்கு மேலே, வண்டிக்குள் எங்கும் வைக்கவே கூடாது. மூன்றாவது, புகை வெளியேறும் வாய். அது சன்னலுக்கோ, கதவுக்கோ, தரையில் உள்ள காற்றுத் துளைக்கோ கீழே திறந்திருந்தால், இணைப்புகள் அனைத்தும் சரியாக இருந்தாலும் புகை உள்ளே திரும்பும். வண்டி பனியில் புதைந்து நிற்கும் இரவுகளில் இதே வாயைப் பனி மூடிவிடுவதும் உண்டு.

எரியாத டீசலின் வாடை மட்டும் வந்தால், ரப்பர் இணைப்புகளையும் அவற்றின் கிளிப்புகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, அடியில் வெள்ளைத்தாள் வைத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். கசியும் இணைப்பு தாளில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திரையில் எதுவும் தெரியவில்லை

ஃபியூஸ், பேட்டரி டெர்மினல், ஹீட்டருக்கும் திரைக்கும் இடையிலுள்ள பிளாஸ்டிக் இணைப்பான் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். இணைப்பானை அழுத்திச் செருகியும் பயனில்லை என்றால், அதன் பின்களில் ஒன்று பின்னால் தள்ளப்பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திரை ஒளிர்ந்தும் இ-07 வந்தால், காரணம் பெரும்பாலும் இதே ஒயரில்தான் இருக்கும்.

விசிறி சுழல்கிறது, பம்ப் தட்டுகிறது, ஆனால் பற்றவில்லை (இ-10)

அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். தவறாக அதிகம் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. இ-10 என்பது 'பற்றவில்லை' என்று மட்டுமே சொல்கிறது. ஏன் பற்றவில்லை என்று சொல்வதில்லை. அதைப் பார்த்தவுடன் புதிய க்ளோ பிளக் வாங்குபவர்கள் பலரும் பழைய பிளக்கை வீணாகக் கழற்றியவர்களே. பிளக் உண்மையிலேயே அறுந்திருந்தால் பெரும்பாலான திரைகள் அதற்குரிய இ-03 எண்ணைத் தனியாகவே காட்டும்.

முதலில் மின்னழுத்தம். க்ளோ பிளக் காயும் அந்த ஓரிரு நிமிடங்களில் ஹீட்டர் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும்; எரியத் தொடங்கிய பிறகு ஓரிரு ஆம்பியரே போதும். ஆகவே ஹீட்டர் ஓய்ந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுவதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. பிளக் காயும் அதே நேரத்தில், ஹீட்டரின் இணைப்பான் அருகே அளக்க வேண்டும். பேட்டரிக்கும் ஹீட்டருக்கும் நான்கு மீட்டர் தூரம் என்றால் மின்சாரம் போய்வரும் வழி எட்டு மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில், 10 ஆம்பியர் ஓடும்போது அந்த எட்டு மீட்டரில் மட்டும் சுமார் 0.9 வோல்ட் இழப்பாகும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதே இழப்பு 0.35 வோல்ட்டைத் தாண்டாது. பாதி தீர்ந்த ஈய அமில பேட்டரி சுமையின்கீழ் 11.7 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும்போது, மெல்லிய ஒயரும் சரியாக அழுத்தப்படாத ஒரு முனையும் சேர்ந்தால், ஹீட்டரை அடைவது 10.5 வோல்ட்டாகவே இருக்கும். அந்த நிலையில் சில ஹீட்டர்கள் நேர்மையாக, மின்னழுத்தம் குறைவு என்று சொல்லும் இ-01 காட்டும். மற்றவை பிளக்கை அரைகுறையாகக் காய்ச்சிவிட்டு, இ-10 என்று முடித்துக்கொள்ளும். ஒயரைத் தடிமனாக்கி, நேராகப் பேட்டரியிலிருந்தே எடுங்கள். ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே வையுங்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து இதற்கு மின்சாரம் எடுப்பது வேண்டாம்.

இரண்டாவது டீசல். இங்கேதான் நான் ஓர் இரவை இழந்தேன். ஸ்காட்லாந்தில் அவீமோர் அருகே, ஜனவரி மாதத்தில், பனி மூடிய வண்டி நிறுத்துமிடம். பம்ப் ஒழுங்காகத் தட்டிக்கொண்டிருந்தது, மின்னழுத்தமும் சரி, திரையில் இ-10. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, டீசல் குழாயின் பின்னால் டார்ச்சைப் பிடித்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு 'டிக்'குக்கும் குழாய்க்குள் டீசல் முன்னால் நகர, அதன் நடுவே சுண்டுவிரல் நக நீளத்துக்கு ஒரு காற்றுக்குமிழி, முன்னே ஓர் அடி எடுத்துவைத்து, அதே அளவு பின்னுக்கு வந்து, இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. பம்ப் தள்ளிய அழுத்தத்தையெல்லாம் அந்தக் குமிழியே சுருங்கி விரிந்து வாங்கிக்கொண்டிருந்ததால், ஹீட்டருக்கு ஒரு துளியும் போய்ச் சேரவில்லை.

குமிழி தங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பெட்டியோடு வரும் பச்சை நிறக் குழாய் மென்மையானது, உள்விட்டமும் பெரியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, 2 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு மிகாத கடினமான வெள்ளை நைலான் குழாயைப் போடுங்கள். ரப்பர் இணைப்புகளில் இரண்டு நைலான் முனைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் அங்கே காற்று குடிகொள்ளும். முனைகளைக் கத்தரிக்கோலால் நசுக்காமல், கூரிய கத்தியால் செங்குத்தாக வெட்டுவது அதற்காகத்தான். அடுத்து பம்பின் சாய்வு. பம்பைப் படுக்கையாக வைத்தால் குமிழி உள்ளேயே தங்கும்; டீசல் வெளியேறும் முனை மேல்நோக்கி இருக்கும்படி நன்றாகச் சாய்த்துப் பொருத்தினால், காற்று தானாகவே மேலேறி வெளியேறும்.

பம்ப் தட்டும் ஓசை கேட்டாலும் சரியான அளவு தருகிறதா என்ற ஐயம் எழுந்தால், அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 22 மில்லிலிட்டர் என்றிருந்தால், ஆயிரம் தட்டுக்கு அவ்வளவு என்பது பொருள். ஹீட்டர் முனையில் குழாயைக் கழற்றி, ஒரு மருந்து சிரிஞ்சுக்குள் விட்டு, இருநூறு தட்டுகளை எண்ணுங்கள், 4.4 மில்லிலிட்டருக்கு அருகில் வர வேண்டும். வெகுவாகக் குறைந்தால் வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது டாங்க் பக்கம் எங்கோ காற்று இழுக்கலாம். பம்ப் தட்டவே இல்லை என்றால் இ-04 வரும். அதன் இரண்டு பின் இணைப்பானில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக்கு அடியில் உப்பு நீர் தெறிக்கும் இடம் அது.

கெட்டியான வெள்ளைப் புகை

பற்றும்போது ஓரிரு முறை வெள்ளையாகப் புகைவது இயல்பு. அது நிற்காமல், கண் எரிய வெளியே வந்தால், எரியாத டீசல் ஆவியாகிப் போகிறது என்று பொருள். பலமுறை இ-10 வந்தும் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தியவர்களின் எரிகலத்தில் டீசல் தேங்கியிருக்கும். குழாயில் டீசலை நிரப்பத் திரையில் தரப்பட்டுள்ள வசதியை, டீசல் ஹீட்டரைத் தொட்ட பின்பும் அழுத்திக்கொண்டே இருந்தவர்களுக்கும் இதே கதிதான். குழாயில் டீசல் ஹீட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் வரும்போதே நிறுத்திவிட வேண்டும். தேங்கிய டீசல் ஒரே நேரத்தில் பற்றினால் ஹீட்டர் உறுமும், புகையும், புகைக்குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும்; ஆகவே மூலக்காரணத்தைச் சரிசெய்த பிறகு, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, பக்கத்திலேயே நின்று ஒரு முறை எரிய விடுங்கள்.

நன்றாக எரிந்துகொண்டிருந்து நடுவில் அணைகிறது (இ-08)

முதலில் வண்டியின் டீசல் முள்ளைப் பாருங்கள். இது கேலி அல்ல. வண்டியின் டாங்கிலிருந்து ஹீட்டருக்கு டீசல் எடுப்பவர்கள், உறிஞ்சு குழாயை டாங்கின் அடிவரை விடாமல் மேலேயே வெட்டுவார்கள். அப்போதுதான் ஹீட்டர் முழு டீசலையும் குடித்துவிட்டு உங்களை மலையில் விட்டுவிடாது. அதனால் முள் கால் டாங்கைக் காட்டும்போதே ஹீட்டருக்கு டீசல் தீர்ந்துபோயிருக்கும். ஏற்றத்தில் வண்டியைச் சாய்வாக நிறுத்தினால் இன்னும் முன்னதாகவே தீரும்.

டாங்க் நிறைந்திருந்தும் விடியற்காலைக் குளிரில் மட்டும் அணைகிறது என்றால், டீசலில் மெழுகு உறைகிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் நவம்பர் 16 முதல் மார்ச் 15 வரை விற்கும் குளிர்கால டீசல், மைனஸ் 15 டிகிரி வரை வடிகட்டியை அடைக்காத தரம் கொண்டது. கோடைகால டீசலுக்கு அந்த எல்லை மைனஸ் 5 டிகிரிதான். தனி டாங்கில் செப்டம்பரில் நிரப்பியதை ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட்ஸ் மலைப்பகுதிக்குக் கொண்டுபோனவர்களுக்கு இந்தச் சிக்கல் வரும். வண்டியின் டாங்க் அடிக்கடி புதிதாக நிரம்புவதால் அதற்கு வருவது அரிது. அதோடு, பெட்டியில் வரும் 10 லிட்டர் பிளாஸ்டிக் டாங்கை வண்டிக்குள் வைப்பதை நான் ஏற்கவில்லை. நிரப்பும்போது சிந்தும் ஒரு கரண்டி டீசல் மெத்தையில் ஒரு பருவம் முழுக்க மணக்கும்.

எரிகிறது, ஆனால் வண்டி சூடாகவில்லை

பெட்டியில் 8 கிலோவாட் என்று அச்சிட்டிருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி. மேலே சொன்ன 22 மில்லிலிட்டர் பம்ப் நொடிக்கு ஐந்து முறை தட்டினால் மணிக்கு 400 மில்லிலிட்டரையும் எட்டாது. அதாவது உள்ளே செல்வதே 4 கிலோவாட்டுக்குள் அடங்கும்போது, வெளியே 8 வர வழி இல்லை. 5 கிலோவாட், 8 கிலோவாட் என்று இரு விலையில் விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே இயந்திரமே இருக்கிறது. நல்ல காப்பு உள்ள வேனுக்கு 2 கிலோவாட்டே போதும். சூடு போதவில்லை என்றால், தரைக்கு அடியில் ஓடும் வெப்பக்காற்றுக் குழாய்க்குக் காப்பு சுற்றியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். ஹீட்டர் உறிஞ்சும் காற்றை வெளியிலிருந்து எடுக்காமல், வண்டியின் உள்ளிருந்தே எடுத்தால், சூடான காற்றே மேலும் சூடாகிக் கிடைக்கும். எரிகாற்று வேறு, இது வேறு. எரிகாற்று மட்டும் எப்போதும் வண்டிக்கு வெளியிலிருந்தே வர வேண்டும்.

சூடு மிகுந்து நிற்கிறது (இ-05)

வெப்பக்காற்று வெளியேற வழியில்லை. 2 கிலோவாட் ஹீட்டருக்கு வழக்கமாக 60 மில்லிமீட்டர், 5 கிலோவாட்டுக்கு 75 மில்லிமீட்டர் குழாய். அதைவிடச் சிறிதாக்குவதும், கூர்மையாக வளைப்பதும், எல்லா வாய்களிலும் மூடக்கூடிய மூடி போடுவதும் இந்தப் பிழையை வரவழைக்கும். ஒரு வாயாவது மூட முடியாததாக இருக்கட்டும். இருக்கைக்கு அடியில் ஹீட்டரை வைத்துவிட்டு, அதைச் சுற்றிப் போர்வைகளைத் திணிப்பதும் இதே கணக்கில் சேரும்.

எரியும் ஹீட்டரின் மின்சாரத்தை முதன்மை ஸ்விட்சில் வெட்டுவதும் சூடு மிகக் காரணமாகும். அணைக்கும் பொத்தானை அழுத்திய பிறகும் விசிறி சில நிமிடங்கள் சுழன்று உடலைக் குளிர்விக்கிறது. அதை நடுவில் நிறுத்தினால், உள்ளே தேங்கும் சூட்டில் பிளாஸ்டிக் உறையும் விசிறியும் உருகும்.

கீச்சொலி, அல்லது விசிறிப் பிழை (இ-06)

கீச்சொலி பொருத்திய நாளிலிருந்தே இருந்தால், ஹீட்டரின் அடி சமமில்லாத இடத்தில், பெரும்பாலும் ஒட்டுப்பலகையின் மேடு பள்ளத்திலோ கம்பளத்தின் மீதோ முடுக்கப்பட்டிருக்கும். நட்டுகளை இறுக்க இறுக்க உறை முறுக்கிக்கொண்டு விசிறி இலையைத் தொடும். நட்டுகளைத் தளர்த்திப் பாருங்கள். ஒலி நின்றுவிட்டால் தரையைத் தட்டையாக்கினால் போதும். ஹீட்டரைப் பிரித்துக் கூட்டிய பிறகு இ-06 வந்தால், விசிறியில் உள்ள சிறு காந்தத்தை மின்சுற்றுப் பலகையிலுள்ள உணரி பார்க்க முடியாத தூரத்தில் விசிறியைச் செருகியிருக்கிறீர்கள்.

பம்பின் 'டிக்' ஒலி தலையணை வழியே கேட்கிறது என்பது பிழையல்ல. பம்பைத் தரைப்பலகையில் திருகாமல், ரப்பர் பிடியில் வண்டியின் அடிச்சட்டகத்தில் தொங்கவிடுங்கள்.

கரும்புகை, கரி, நாளுக்கு நாள் தாமதமாகப் பற்றுதல்

அரிக்கேன் விளக்கின் கண்ணாடி கறுத்தால் திரியைத் தாழ்த்துவோம். இங்கேயும் காரணம் அதேதான்: காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய். முதலில் எரிகாற்றுக் குழாயின் வாயில் சேறோ சிலந்திக்கூடோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு புகைக்குழாய் இரண்டு மீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறதா, அதன் நடுவில் நீர் தேங்கும் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போய் 1,500 மீட்டருக்கு மேல் தங்குகிறீர்கள் என்றால், காற்று மெலிந்திருப்பதால் பம்பின் வேகத்தைத் திரையில் குறைக்க வேண்டும். கீழே இறங்கியதும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

இவை எதுவும் இல்லாமலும் கரி படியும். அதற்குக் காரணம் நாம்தான். இரவெல்லாம் மிகக் குறைந்த நிலையில் எரியவிடுவதால் எரிகலம் போதிய சூட்டை எட்டுவதில்லை. வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் முழு வேகத்தில் எரிய விடுங்கள். பருவ முடிவில், தனிக் கேனிலிருந்து ஒரு லிட்டர் மண்ணெண்ணெயை முழு வேகத்தில் எரித்து முடிப்பதும் உதவும். பெட்ரோலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். கோடையிலும் மாதம் ஒரு முறை கால் மணி நேரம் எரித்தால் பம்புக்குள் டீசல் பிசினாகாது.

இவ்வளவுக்கும் பிறகும் பற்றத் தாமதமானால் மட்டுமே க்ளோ பிளக்கைக் கழற்றலாம். ஹீட்டர் முழுவதும் ஆறிய பிறகு, மேல் உறையைத் தூக்கி, பிளக்கின் ஒயரை விடுவித்து, அதற்குரிய நீண்ட சாக்கெட் ஸ்பேனரால் திருக வேண்டும். பிளக் வந்த துளைக்குள் டார்ச் அடித்தால், விரல் நுனி அளவுக்கு உருளையாகச் சுருட்டிய கம்பிவலை தெரியும். புதிய வலையின் கண்களை எண்ண முடியும். என்னுடையதோ இரண்டாவது குளிர்கால முடிவில், கறுத்துக் கெட்டியாகி, அடுப்பில் கருகிய ரொட்டியின் ஓரம் போல் விரலில் உதிர்ந்தது. அதைச் சுத்தம் செய்ய முயலாதீர்கள்; மலிவான பொருள், புதியதைப் போடுங்கள். போடுவதற்கு முன், வலை உட்காரும் குழலின் பக்கத்தில் உள்ள சிறு காற்றுத் துளையை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். வலையின் திறப்பு அந்தத் துளைக்கு நேராக நிற்க வேண்டும். திரும்பிவிட்டால் காற்று போகாது, புத்தம் புதிய வலையோடும் இ-10 வரும். பிளக்கைக் கையால் பல சுற்று திருகிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். அலுமினியப் புரி ஒரு முறை வழுக்கினால் உடலையே மாற்ற வேண்டியிருக்கும். வண்டியின் அலமாரியில் ஒரு வலை, ஒரு பிளக், அந்த ஸ்பேனர், ஓரடி நைலான் குழாய், இரண்டு ரப்பர் இணைப்புகள், நான்கு கிளிப்புகள் ஆகியவற்றை ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அவீமோருக்குப் பிறகு அந்த டப்பா வண்டியை விட்டு இறங்கியதில்லை.